மடி பருத்த ஆடு

சரக்கை விற்பதில் நடிப்புக்கு எவ்வளவு இடம் கொடுக்கலாம்? கடை வைத்திருக்கும் சகோதரர்கள் பலர் இதைக் கேட்பதுண்டு. "பொய் ஒன்றும் சொல்வதில்லை. சிரித்துப் பேசுகிறோம், சாமான்களை எடுப்பாக அடுக்கி வைக்கிறோம், வருகிறவர் மனமறிந்து நடக்கிறோம். இதில் என்ன குற்றம்?" என்பது அவர்கள் வாதம்.

சிரித்த முகம் குற்றமல்ல. அதைத் தர்மம் என்றே நம் மார்க்கம் சொல்கிறது. பிரச்சினை வேறிடத்தில் இருக்கிறது.

அரபுநாட்டுச் சந்தைகளில் ஒரு தந்திரம் இருந்தது. ஆட்டையோ ஒட்டகத்தையோ விற்க நினைப்பவர் சில நாள் பால் கறக்காமல் விட்டுவிடுவார். மடி பருத்து நிற்கும். வாங்க வருகிறவர் அதைக் கண்டு, கறவை மிகுதி என்று தாமே முடிவுகட்டி, விலையைக் கூட்டிக் கொடுப்பார். வீட்டுக்கு ஓட்டிச் சென்று கறந்து பார்த்தால்தான் உண்மை தெரியும். இந்தச் செயலை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். வாங்கியவர் மூன்று நாள் பார்க்கலாம், பிடித்தால் வைத்துக்கொள்ளலாம், இல்லையேல் பிராணியையும், கறந்த பாலுக்கு ஈடாக ஒரு ஸாவு பேரீச்சம்பழத்தையும் கொடுத்துவிட்டுப் பணத்தைத் திரும்பப் பெறலாம் என்று ஹதீஸில் வருகிறது. திருப்பிக் கொடுக்கும் சட்டத்தில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. செயல் கூடாது என்பதில் இல்லை.

கவனியுங்கள். அந்த வியாபாரி வாய் திறந்து ஒரு பொய்யும் சொல்லவில்லை. மடிதான் பேசியது!

ஏலத்தில் வாங்கும் எண்ணமே இல்லாமல் விலையை ஏற்றிக் கேட்பதும் இத்தகையதே. 'நஜ்ஷ்' எனப்படும் இதுவும் தடுக்கப்பட்டிருக்கிறது. பிறர் விரும்பும் பொருளை நாமும் விரும்புவது மனித சுபாவம். 'கை நழுவிவிடுமோ' என்ற பயம் வந்துவிட்டால் யோசனை நின்றுவிடும். மனோதத்துவ நூல்கள் இன்று விரித்துரைக்கும் இதை அன்றைய சந்தைத் தரகர் நன்றாகவே அறிந்திருந்தார். இப்போது கைப்பேசியில் பொருள் வாங்கும்போது 'இன்னும் இரண்டே மிச்சம்' என்று எழுத்து மின்னுகிறது. இருப்பு நிறைய இருக்க இப்படிப் பொய் அவசரம் காட்டுவதை, 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தடை செய்த 13 தந்திரங்களில் ஒன்றாகச் சேர்த்தது.

நடிப்பு வாங்குகிறவரின் அவகாசத்தைப் பறிக்கிறது. ஷரீஅத்தோ மூன்று நாள் அவகாசம் கொடுக்கிறது. தாம் செய்வது எந்தப் பக்கம் என்று வியாபாரி தம் கல்பைக் கேட்டால் போதும். ஃபத்வா தேடி அலைய வேண்டியதில்லை.

இளமையில் நான் ஒரு ஜவுளிக் கடையில் வேலை பார்த்தேன். ஒருநாள் ஒரு தாயார் மகள் நிக்காஹுக்காக ஓர் அரக்குச் சேலையைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கி நின்றார். முதலாளி கண்ணைக் காட்டினார். உடன் வேலை செய்த பையன் உள்ளிருந்து வந்து, "அந்த அரக்குச் சேலை போய்விட்டதா?" என்று கேட்டான். நான் பதில் பேசவில்லை. சேலையைப் பார்த்தேன், அவ்வளவுதான். அந்த அம்மாள் உடனே தம் சிறுவனை வீட்டுக்கு அனுப்பி, குறைந்த பணத்தை வரவழைத்துக் கொடுத்து வாங்கிச் சென்றார்.

பத்து நாள் கழித்துப் பாவாடைத் துணி எடுக்க மறுபடி வந்தார். கண்ணாடி அலமாரியில் அதே அரக்குச் சேலைகள் ஐந்தாறு தொங்கின. அவற்றைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. துணி எடுக்காமலே படியிறங்கிப் போய்விட்டார்.