காத்திருக்க யாரால் முடியும்?

"இயற்பியல் படித்தால் என்ன கிடைக்கும்?"

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்ததும், ஆண்டுதோறும், எண்ணற்ற இல்லங்களிலே எழும் கேள்வி இது. கேட்பவர் தறியிலே வாழ்வை நெய்பவர். பிறர் நிலத்திலே வியர்வை சிந்துபவர். பிள்ளை குடும்பத்தின் முதல் பட்டதாரியாகப் போகும் மகிழ்ச்சி ஒரு கண்ணில். வட்டிக்கடையை எண்ணிய அச்சம் மறு கண்ணில்.

கேள்வி காதில் விழுந்ததும் முகம் சுளிக்கின்றனர் பெரியவர் சிலர். அறிவைக் காசால் அளப்பதா, கல்வியைக் கடைச்சரக்காக்குவதா என்று சினக்கின்றனர். சினப்பது அவர்களுக்கு எளிது! அடுத்த மாத அரிசிக்கு வழி தெரிந்தவர்கள் அவர்கள். உழைப்பவன் விலை கேட்பது இழிவன்று. விலை கேளாமல் வாங்கு என்பவன்மீதே நமக்கு ஐயம். எதையும் கேட்டறிந்து ஏற்பதுதானே பகுத்தறிவு? எனவே, கணக்கைப் போட்டே பார்ப்போம், தோழர்களே!

இளநிலைப் பட்டத்திற்கு 3 ஆண்டு. முதுநிலைக்கு மேலும் 2. பள்ளி ஆசிரியராக வேண்டுமாயின் கல்வியியல் பட்டத்திற்கு 2 ஆண்டு; அதன்மேல் தேர்வுகள். ஆய்வாளராக வேண்டுமாயின் முனைவர் பட்டத்திற்கு ஏறத்தாழ 5 ஆண்டு. 17 வயதிலே கல்லூரி வாயிலில் நுழைந்த பிள்ளை, ஆய்வேட்டை முடித்து வெளிவரும்போது வயது 27 அல்லது 28. நான்கே ஆண்டில் பொறியியல் முடித்த பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு வேலை கிடைத்திருந்தால், அதற்குள் குடிசை போய்க் காரைவீடு எழுந்திருக்கும்.

அரசுக் கல்லூரியிலே கட்டணம் குறைவு. ஆகவே இயற்பியல் மலிவான படிப்பு என்பர். கட்டணமா செலவு? காத்திருப்பே செலவு! ஊதியமின்றிக் கழியும் ஆண்டுகளை எந்தக் கல்லூரியும் பற்றுச்சீட்டில் எழுதுவதில்லை. அதைச் செலுத்துபவர்கள் தாயும் தந்தையும், படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குச் சென்ற அண்ணனும் அக்காளும்.

சி.வி. இராமனைச் சான்றாகக் காட்டுவர். 1907இல் அரசின் நிதித்துறையில் உயர்பதவி ஏற்றவர் அவர். மாலை வேளைகளில் கல்கத்தா ஆய்வுக்கூடத்தில் உழைத்தவர். ஊதியம் குறையும் என்றறிந்தும் 1917இல் பதவியைத் துறந்து பேராசிரியரானவர். 1930இல் நோபல் பரிசு பெற்றவர். போற்றுகிறோம் அந்தத் துணிவை. ஆனால் அவர் தந்தை கணிதமும் இயற்பியலும் கற்பித்த கல்லூரி ஆசிரியர் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். துறப்பதற்குப் பதவி இருந்தவர் துறந்தார். துறக்க ஏதுமற்றவனிடம் துறவு பேசுவது அறமாகுமா?

மேகநாத சாகாவைப் பாருங்கள். 1893இல் டாக்கா அருகே சிற்றூர் ஒன்றில் பிறந்தவர், சிறு கடைக்காரரின் மகன், சாதியால் தாழ்த்தப்பட்டவர். ஊரிலே உயர்பள்ளி இல்லை. வேற்றூர் மருத்துவர் ஒருவர் தம் இல்லத்தில் இடந்தந்தார்; பசுவைப் பேணுவதும் உண்ட தட்டைத் தாமே கழுவுவதும் நிபந்தனை. அண்ணன் தம் சிறிய ஊதியத்திலே ஒரு பகுதியை அனுப்பினார். கல்கத்தா விடுதியிலோ, உடன் அமர்ந்து உண்ண மறுத்தனர் 'மேல்சாதி' மாணவர். அந்த இளைஞர்தான் 1920இல், விண்மீன் ஒளியைக் கொண்டே அதன் வெப்பத்தைக் கணிக்க உதவும் சமன்பாட்டை உலகுக்கு அளித்தார்.

சாகாவின் வெற்றியிலே அந்த மருத்துவருக்கும் அண்ணனுக்கும் பங்கில்லையா? அவர்கள் அன்று தாங்கியிராவிட்டால், அந்த அறிவு கடைக் கல்லாவிலே முடங்கியிருக்கும். 'அவனுக்குத் திறமை இல்லை' என்று உலகம் தீர்ப்பும் கூறியிருக்கும்!

அப்துல் கலாம் திருச்சியிலே இயற்பியல் பட்டம் பெற்ற பின்னரே, தாம் நாடியது பொறியியல் என உணர்ந்தார். சென்னையில் அதைப் பயிலப் பணமில்லை. தமக்கையின் பொன் வளையலும் சங்கிலியும் அடகுக்குப் போயின. வழிகாட்ட ஆளில்லாத வீட்டுப் பிள்ளை பாதை மாறினால், அதற்கும் விலை கொடுப்பது வீட்டுப் பெண்ணின் கழுத்தும் கையுமே!

இங்கேதான் நம் கேள்வி பிறக்கிறது. தகுதி, திறமை என்று முழங்குகிறார்களே, அவற்றுள் எவ்வளவு உண்மையான அறிவு? எவ்வளவு காத்திருக்கும் வசதி? ஒரே அறிவுடைய இருவரில், பத்தாண்டு காத்திருக்க முடிந்தவன் அறிஞன், முடியாதவன் எழுத்தன். பிறகு, அறிவியல் எங்கள் குலச்சொத்து என்பார்கள் காத்திருக்க முடிந்தவர்கள். வேதம் ஓதும் உரிமையைப் பிறப்பால் தடுத்தார்கள் அன்று. விண்மீனை ஆயும் வாய்ப்பை வறுமை தடுக்கிறது இன்று. பூட்டு வேறு, கதவு ஒன்றே.

ஆதலின், காத்திருப்பின் செலவைச் சமுதாயம் ஏற்க வேண்டும். தேசியத் தகுதித் தேர்வில் வென்று உதவித்தொகை பெறும் இளம் ஆய்வாளருக்கு 2023 முதல் மாதம் 37,000 ரூபாய் என உயர்த்தினர், நன்று. ஆனால் அந்தப் படியை எட்டுமுன் 5 ஆண்டுகள் உண்டே! அரசுப் பள்ளியில் பயின்று கல்லூரி செல்லும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் அளிக்கும் புதுமைப் பெண் திட்டத்தைத் தமிழக அரசு 2022இல் தொடங்கியது; 2024இல் மாணவர்க்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் வந்தது. திசை சரியானது, தொலைவு மிகுதி. விடுதிகள் பெருக வேண்டும். உதவித்தொகை மாதந்தோறும் தவறாது வர வேண்டும். ஆசிரியப் பணியிடங்கள் காலத்தே நிரப்பப்பட வேண்டும். இது பிச்சையன்று, சமுதாயம் தன் வயலிலே தானே இடும் விதை.

இளைஞருக்கும் ஒரு சொல். வேறு இடம் கிடைக்கவில்லை என்பதற்காக இயற்பியலில் சேராதீர். முதல் பட்டம் பாதி வழி என்பதை அறிந்தே அடியெடுத்து வைப்பீர். அதனோடு நிற்க நேர்ந்தால், பட்டதாரிகளுக்கான அரசுப் பணித் தேர்வும் வங்கித் தேர்வும் உண்டு. மேலே சென்றால், ஆசிரியப் பணியும் ஆய்வுக்கூடமும் உண்டு. மருத்துவ இயற்பியல் பயின்று, புற்றுநோயாளிக்குக் கதிர்வீச்சின் அளவைக் கணக்கிடும் பணியும் உண்டு.

ஊதியத்தில் அடங்காத ஊதியம் ஒன்றும் உண்டு. 1952இல் அமைந்த நாட்காட்டிச் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைவரானார் சாகா. கதிரவன் வடக்கே திரும்புவது டிசம்பர் 22ஐ ஒட்டி; பஞ்சாங்கமோ ஜனவரி 14ஐ ஒட்டி என்கிறது. புவியின் அச்சு மெல்லத் திசை மாறுவதைக் கணக்கில் கொள்ளாததால் சேர்ந்த பிழை அது, ஏறத்தாழ 23 நாள்! தட்டுக் கழுவிப் படித்த பிள்ளை, தலைமுறை தலைமுறையாகத் தலைவணங்கிய ஏட்டின் பிழையைக் கணக்கிட்டுக் காட்டினார். அந்தத் துணிவைத் தராத பட்டம், எத்தனை ஆயிரம் ஊதியம் தந்தாலும், நட்டமே. ஆய்வுக்கூடத்தில் அளந்து பார்த்துவிட்டு, வீட்டிலே இராகுகாலம் பார்ப்பவனுக்கு இயற்பியல் எதற்கு?

என்ன கிடைக்கும் என்று தந்தை கேட்கட்டும். கேட்பது அவர் உரிமை. "உங்கள் பிள்ளை காத்திருக்கட்டும், அந்தச் சுமையில் எங்களுக்கும் பங்கு உண்டு" என்று நாடு விடையளிக்கட்டும். அவ்விடை வரும்வரை, உரத்துக் கேட்பது நம் கடமை!