கத்ரும் கவனக் குறைவும்

மௌத்தான வீட்டுக்குச் சென்றால் நாம் சொல்லும் ஆறுதல் ஒன்று உண்டு. "அவருடைய தவணை முடிந்துவிட்டது, அல்லாஹ்வின் நாட்டம் அப்படி" என்போம். ஈமான் கொண்டவனுக்கு அதைவிடப் பெரிய ஆறுதல் வேறில்லை. ஆனால் வேலை செய்யும் இடத்தில் ஒருவர் இறந்து, அவரை வேலைக்கு வைத்திருந்த முதலாளியோ மேஸ்திரியோ அதே வாசகத்தைச் சொன்னால் அதை எப்படி எடுத்துக் கொள்வது? பிள்ளையை இழந்த தாய் சொல்லும்போது அது ஸப்ரு. பொறுப்பில் இருந்தவர் சொல்லும்போதும் அதற்கு அதே பெயர்தானா?

இக்கேள்வி நம் கடலூர் மாவட்டத்தாருக்கு ஏட்டளவில் நிற்கும் கேள்வியன்று. முதுநகரிலிருந்து சிதம்பரம் செல்லும் பஸ்ஸில் ஏறினால் சற்று நேரத்தில் சிப்காட் இரசாயனத் தொழிற்சாலைகள் வந்துவிடும். அங்கே 2021 மே மாதம் 13ஆம் தேதி நடந்த ஒரு விபத்தில் நால்வர் இறந்தனர். காட்டுமன்னார்கோயிலை அடுத்த குருங்குடியில் 2020 செப்டம்பர் 4ஆம் தேதி வெடித் தொழிற்கூடம் ஒன்று வெடித்து, அன்றே ஏழு பெண்கள் மாண்டனர். நெய்வேலி கதையைப் பின்னர் சொல்கிறேன்.

முதலில் செம்மங்குப்பம். 2025 ஜூலை 8ஆம் தேதி காலை, பிள்ளைகளை ஏற்றிச் சென்ற பள்ளிக்கூட வேன் ஒன்று அங்குள்ள இரயில்வே கேட்டைக் கடக்கையில் விழுப்புரம் – மயிலாடுதுறை பயணிகள் இரயில் மோதியது. மூன்று மாணவர்கள் உயிரிழந்தனர். அந்தக் கேட், சிக்னலோடு பிணைக்கப்படாத கேட். கேட் திறந்திருந்தாலும் சிக்னல் விழும். ஆகவே கேட்டை மூடியதும் கேட் காப்பாளர் ஸ்டேஷனுக்கு டெலிபோனில் ஓர் இரகசிய எண்ணைச் சொல்ல வேண்டும். 'மூடியாயிற்று' என்பதற்கு அந்த எண்ணே சாட்சி. அன்று எண் சொல்லப்பட்டது, ஆனால் கேட் மூடப்படவில்லை என்று இரயில்வேயின் முதற்கட்ட விசாரணை கூறியது. விபத்துக்குப் பிறகு, கேட்டுகளில் காமிரா வைக்கவும், டெலிபோன் பேச்சின் ஒலிப்பதிவை அன்றாடம் சோதிக்கவும், மேலும் பல கேட்டுகளைச் சிக்னலோடு பிணைக்கவும் உத்தரவாயிற்று. இவை வேண்டியவையே. ஆனால் ஒலிப்பதிவு எண்ணைத்தான் கேட்கும், கேட்டைப் பார்க்காது.

தனி ஒரு மனிதரைக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கமன்று. நம்மில் எத்தனை பேர் பார்க்காத இயந்திரத்துக்குப் 'பார்த்தேன்' என்று ரிஜிஸ்தரில் கையெழுத்துப் போடுகிறோம்! ரமளானில் நா வறண்ட நிலையில் ஒளுச் செய்யும் நோன்பாளி, வாய் கொப்பளிக்கும் நீரில் ஒரு மிடறு விழுங்கினால் யாருக்குத் தெரியும்? இன்ஸ்பெக்டரும் இல்லை, காமிராவும் இல்லை. ஆயினும் அவர் விழுங்குவதில்லை. அதே மனிதர் மறுநாள் பாய்லரின் அழுத்தமானியைப் பாராமலே நேற்றைய அளவை இன்றும் எழுதிவிடுகிறார். அல்லாஹ் பார்க்கிறான் என்ற உணர்வோடு செயலாற்றுவதற்கு இஹ்ஸான் என்று பெயர். அது தொழுகைப் பாயோடு சுருட்டி வைக்கப்படுகிறதோ என்று ஐயமாக இருக்கிறது.

கத்ருக்கு வருவோம். ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் ஷாம் நாட்டுக்குப் புறப்பட்டு, வழியில் அங்கே கொள்ளை நோய் பரவியிருப்பதை அறிந்து, ஆலோசனை கலந்து, படையோடு திரும்பிவிட முடிவு செய்தார்கள். விதியைவிட்டு ஓடுவதா என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் கேட்டார்கள். தப்பிப்பதும் விதிக்குள் அடங்கியதே என்ற கருத்துப்பட உமர் (ரலி) பதில் கூறி, மேய்ச்சல் நிலத்தை உவமை காட்டினார்கள். பள்ளத்தாக்கின் ஒரு பக்கம் பசுமை, மறுபக்கம் வறட்சி. ஒட்டகத்தை எங்கே மேய்த்தாலும் அது விதியே. எனினும் மேய்ப்பவன் பசுமையை நாடிச் செல்கிறான். தம்மை நம்பி வந்தவர்களின் உயிர் கையிலிருந்த தலைவர் கத்ரைப் புரிந்துகொண்ட முறை இது.

நம் பிக்ஹு நூல்களும் இதில் சும்மா இருக்கவில்லை. தெருப்பக்கம் சாய்ந்துவிட்ட சுவரைப் பற்றி ஹனபி நூல்களில் ஒரு சட்டம் உண்டு. சுவர் சாய்ந்திருக்கிறது, இடித்துவிடும் என்று உடையவனிடம் முறைப்படி சொன்ன பிறகு, அவகாசம் இருந்தும் அவன் வாளாவிருந்து, அது விழுந்து ஒருவர் இறந்தால் அவர் உயிருக்கு ஈடு உண்டு. இறந்தவரின் அஜல் முடிந்தது என்பதை எந்த இமாமும் மறுக்கவில்லை. ஆனால் அதைச் சொல்லி அவனை விட்டுவிடவுமில்லை.

இச்சட்டத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெய்வேலி நினைவு வரும். இரண்டாம் அனல்மின் நிலையத்தில் 2020 மே 7ஆம் தேதி ஆறாவது யூனிட் பாய்லரில் விபத்து. எட்டுப் பேர் தீக்காயமுற்று, அவர்களுள் சிலர் பின்னர் இறந்தனர். சரியாக ஐம்பத்தைந்து நாள் கழித்து ஜூலை 1ஆம் தேதி, அதே நிலையத்தின் ஐந்தாவது யூனிட்டில் மீண்டும் விபத்து. அன்றே ஆறு பேர் போயினர். அடுத்த வாரங்களில் மருத்துவமனையில் மேலும் பலர். யார் குற்றம் என்பது விசாரிப்போர் பாடு. என் கேள்வி வேறு. ஒரு விபத்து நடந்தபின் அடுத்த விபத்தைத் தடுக்கக் கூடிய விஷயம் யாருக்கேனும் தெரிந்திருக்கும். பெரும்பாலும் அது இயந்திரத்தின் பக்கத்திலேயே நிற்கும் கூலித் தொழிலாளிக்குத்தான் தெரியும். அவர் வாய் திறப்பாரா? திறந்தால் அவருக்கு மறுநாள் வேலை இருக்குமா?

சகோதரர்களே! நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு நாள் நான்கு ரக்அத் தொழுகையை இரண்டிலேயே முடித்து ஸலாம் கொடுத்துவிட்டார்கள். அபூபக்கர் (ரலி), உமர் (ரலி) இருவரும் அங்கிருந்தனர்; பேச அஞ்சினர். அவசரக்காரர்கள் வெளியேறிவிட்டனர். அப்போது துல்யதைன் என்று அழைக்கப்பட்ட ஒரு தோழர் எழுந்து, தொழுகை குறைக்கப்பட்டுவிட்டதா, தாங்கள் மறந்துவிட்டீர்களா என்று கேட்டார். இரண்டும் இல்லை என்ற பதில் வந்த பின்னும் அவர் விடவில்லை. நாயகம் (ஸல்) அவர்கள் சினக்கவில்லை. மற்றவர்களிடம் விசாரித்தார்கள், அவர் சொன்னது சரி என்று அறிந்ததும், விட்டதைத் தொழுது ஸஜ்தா ஸஹ்வும் செய்தார்கள். இன்றளவும் இமாம் தவறினால் பின்னால் நிற்பவர் 'ஸுப்ஹானல்லாஹ்' என்று குரல் கொடுப்பது நம் தொழுகையின் முறை. குரல் கொடுப்பவர் ஆலிமா, மீன் வியாபாரியா என்று எந்த இமாமும் திரும்பிப் பார்ப்பதில்லை.

தொழிற்சாலையில் இதற்கு இடம் கொடுக்க நாட்டுக்குப் போபால் தேவைப்பட்டது. 1984 டிசம்பரில் ஆயிரக்கணக்கானோரை விஷவாயுவுக்குப் பலி கொடுத்த பின்னர், 1987ல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தி, அபாயகரமான தொழில்களில் ஆபத்து நெருங்குவதாகக் கருதும் தொழிலாளி அதை எச்சரிக்கும் உரிமையைச் சேர்த்தார்கள். 2020ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பிலும் அது உண்டு. ஆனால் 'வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார்' என்று சொல்லும் மேஸ்திரியின் முன் சட்டப் பிரிவின் எண் எவ்வளவு தூரம் நிற்கும்? மேலே இருப்பவர் கேட்கத் தயாராக இருந்தாலன்றிக் கீழே இருப்பவரின் உரிமை காகிதத்தில்தான் இருக்கும்.

பெரிய ஆலைகளைப் பற்றியே பேசிவிட்டோம். ரமளானுக்கு முன் நம் மஹல்லாக்களில் மினாராவுக்கு வெள்ளையடிப்பார்கள். ஆள் ஏறுவார், இடுப்பில் கயிறு இராது, சாரமும் முழுதாகக் கட்டியிருக்காது. சாரத்துக்கு ஆகும் செலவு நிர்வாகக் கூட்டத்தில் 'வீண் செலவு' என்று அடிக்கப்பட்டிருக்கும். வண்ண விளக்குச் செலவை எவரும் அடித்திருக்க மாட்டார். கீழே நிற்கும் மோதினார் மெல்லிய குரலில், "கயிறு கட்டச் சொல்லலாமே" என்கிறார். "பழக்கமானவர்தான், ஒன்றும் ஆகாது" என்கிறார் முத்தவல்லி. மேலே இருப்பவர் ஒரு கையில் வாளியும் ஒரு கையில் பிரஷ்ஷுமாக அடுத்த அடுக்குக்கு நகர்கிறார்.