மதுச்சாலையிற் பிறந்த அறிவு

தீங்கு விளைக்கும் தொழிலொன்றின் பொருட்டுத் தேடப்பெற்ற அறிவு, தானும் தீயதாகுமா? ஒழுக்கவியலின் இவ்வினாவைப் பரந்தன் வயலொன்றில் நின்றும் எழுப்பலாம். இரணைமடுக் குளத்து நீர் பாயும் அவ்வயல்களை ஆராயப் புகுவோர் மண்ணின் பீ.எச். பெறுமானத்தை அளப்பர், நைதரசனின் அளவைக் கணிப்பர், இரு நெல்லினங்களின் விளைச்சல் வேறுபாடு தற்செயலானதா எனப் புள்ளிவிபரச் சோதனையாற் காண்பர். இம்மூன்று முறைகளும் பியர் வடிக்கும் தொழிலின் மடியிற் பிறந்தவை என்பதை அறிந்தோர் சிலரே.

கொப்பன்ஹேகன் நகரில் 1875 இல் கார்ல்ஸ்பேர்க் வடிசாலை தன் ஆய்வுகூடத்தை நிறுவியது. தானியத்தின் புரதம் பியரின் தரத்தைப் பாதிப்பதால், அதனை அளவிடும் பொருட்டுக் கெல்டால் 1883 இல் நைதரசன் கணிக்கும் முறையைக் கண்டார். நொதியங்களை ஆராய்ந்த சோறன்சன் 1909 இல் பீ.எச். அளவுத்திட்டத்தை வகுத்தார். டப்ளின் நகரின் கின்னஸ் வடிசாலையிற் பணியாற்றிய கொசற், சில மாதிரிகளைக் கொண்டே முடிவு காணும் வழியை 1908 இல் ‘மாணவன்’ என்னும் பொருள்படும் புனைபெயரில் வெளியிட்டார்.

அறிவு வெறுங் கருவியே. பயன்படுத்துவோனே பொறுப்பாளி என்பர் ஒருசாரார். பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை இதற்குத் தக்க சான்றாகலாம். 1980களிற் போரினால் இயக்கம் நிற்கும்வரை, அங்கு உப்பிலிருந்து எரிசோடாவும் குளோரீனும் ஆக்கப்பட்டன. குடிநீரைத் தூய்மையாக்கும் அதே குளோரீன்தான் 1915 இல் பெல்ஜியப் போர்முனையில் உயிர்களைக் கொன்றது. பொருளிற் குற்றமில்லை என்பது உண்மையே.

ஆயின் இவ்வாதம் பாதிவழியில் நின்றுவிடுகிறது. ஆராய்ச்சி விடைகளால் மட்டும் ஆனதன்று. எவ்வினாவைக் கேட்பது என்னும் தெரிவும் அதன்பாற்பட்டது. அத்தெரிவு பெரும்பாலும் பணம் கொடுப்போன் கையிலுள்ளது. சுண்ணாம்பு தடவிய முட்டியிற் பனஞ்சாறு புளியாது கருப்பநீராய் நின்று பனங்கட்டியாகும். தடவாத முட்டியில் அது கள்ளாகும். காரத்தன்மை மதுவத்தை அடக்கும் இவ்வுண்மையைச் சீவல் தொழிலாளர் எண்ணாற் குறியாமலே கையாண்டனர். அவர்களுடைய வினாக்களுக்கென ஆய்வுகூடம் எழுப்பச் செல்வந்தர் எவரும் விரைந்திலர்.

நல்ல பியரை எவ்வாறு ஆக்கலாம் என்பதே வடிசாலையின் வினா. அதனை அருந்தியவன் வீட்டில் அன்றிரவு அடுப்பெரிந்ததா என்பது அவ்வினாவினுள் அடங்காது. மதுபானம் மனிதரிற் புற்றுநோயை விளைப்பதென 1988 இல் வகைப்படுத்தியது உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகமாகும். மது விற்போரின் ஆய்வுகூடமன்று என்பது ஈண்டு நோக்கற்பாலது.

ஆகவே, வடிசாலையிற் பிறந்தமையால் அறிவுக்குத் தீட்டில்லை. அதனை ஒதுக்கினால் இழப்பது உழவனே. ஆனால் அதனைப் பெற்றுக்கொண்டோர்க்கு ஒரு கடனுண்டு. விலை கொடுப்பாரற்ற வினாக்களையும் கேட்டலே அக்கடன். பொதுமக்களின் வரிப்பணத்தால் வாழும் பல்கலைக்கழகமே அதனைத் தீர்த்தற்குரிய இடம். அதுவும் வாங்குவோர் விரும்பும் வினாக்களையே கேட்குமாயின், அது வடிசாலையின் மற்றோர் அறையேயாகும்.