ரசவாதமா? ரசாயனமா?

கொல்லிமலை ஏறுகின்றனர் மக்கள். காரவள்ளி அடிவாரம் விட்டு, 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறுகின்றனர். எதற்காக? ஆகாயகங்கை அருவியில் ஆடினால் பாவம் அகலுமாம்! அறப்பளீசுவரரைத் தொழுதால் அல்லல் தீருமாம்! குகையில் மறைந்திருக்கும் சித்தர், செம்பைப் பொன்னாக்கும் மூலிகையைக் காட்டுவாராம்! வளைவு எழுபதையும் கடந்தவர்கள், மூடநம்பிக்கையை மட்டும் அடிவாரத்தில் இறக்கி வைக்க மனமின்றிச் சுமந்தே செல்கின்றனர்.

அதே மலையில், மலையாளிகள் எனப்படும் தமிழ்ப் பழங்குடி மக்கள் சாமையும் மரவள்ளியும் விளைவித்து வாழ்கின்றனர். அவர்தம் வீட்டுப் பிள்ளையொன்று பத்தாம் வகுப்பை முடிக்கிறது. பதினொன்றில் எந்தப் பிரிவு? வேதியியல் உண்டா, இல்லையா? 1978-இல் மேனிலைக் கல்வி வந்த நாள்தொட்டுத் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் வந்து நிற்கும் கவர்வழி அது. பதினைந்து வயதில் ஒரு தாளில் இடும் சிறு குறிதான். ஆனால் பல வாயில்களின் சாவி அதில் இருக்கிறது. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 விழுக்காடு ஒதுக்கீடு 2020-இல் வந்தது. வேதியியலை விட்டுவிட்ட பிள்ளைக்கோ அந்த வாயிலும் சுவரே!

கவர்வழியில் ஒரு குரல் கேட்கிறது: "உனக்கேன் அம்மா அந்தப் பாடம்? கடினம், மலைப் பிள்ளைக்கு வராது. எளியதை எடு, எப்படியாவது தேறிவிடு."

அஃது அன்பின் குரலன்றோ என்பீர். அன்பாகவும் இருக்கலாம். ஆயினும் அக்குரலின் வயதைக் கேளுங்கள், தோழர்களே! "உன் குலத்துக்கு ஏர் போதும், ஏடு எதற்கு?" என்று வருணாசிரமம் சொன்னதே, அதன் பேத்தி இது. பாட்டி அதட்டினாள், பேத்தி பரிவோடு பேசுகிறாள். பொருள் ஒன்றே!

வங்கத்து வேதியியல் அறிஞர் பிரபுல்ல சந்திர ராய், இந்நாட்டு வேதியியலின் வரலாற்றை 1902-இலும் 1909-இலும் இரு தொகுதிகளாக வெளியிட்டார். ஒரு காலத்தில் தழைத்த அறிவியல் பின்னர் ஏன் பட்டுப்போயிற்று என்று ஆராய்ந்த அவர், சாதியைக் காரணமாகக் காட்டினார். உலை ஊதுவோனையும் சாயம் தோய்ப்போனையும் தோல் பதனிடுவோனையும் தாழ்ந்தோர் என ஒதுக்கினர். படித்தவனோ கையில் கறை படாமல் ஒதுங்கினான். தொட்டவனுக்குப் படிப்பில்லை, படித்தவன் தொடவில்லை. கையும் கருத்தும் பிரிந்தன, ஆய்வு மாண்டது. 1789-இல் பிரான்சில் லவாய்சியர், தராசைத் துணைக்கொண்டு புதிய வேதியியலை நூலாக்கித் தந்தார். அந்நாளில் நாம் இங்கே எதை நிறுத்துக்கொண்டிருந்தோம்? குலத்தை!

மலைக்கு இதனால் என்ன பயன் என்று கேட்பார் உண்டு.

மரவள்ளியைப் பாருங்கள். ஜவ்வரிசி ஆலைக்குப் போகும் கிழங்குக்கு எடையால் மட்டும் விலை அமைவதில்லை. மாவுச்சத்து எத்தனை 'பாயிண்ட்' என்பதாலும் அமைகிறது. அளப்பவர் வாங்குபவர், கைகட்டி நிற்பவர் விளைவித்தவர். மாவுச்சத்து தண்ணீரைவிட அடர்த்தி மிக்கது. ஆதலின் சத்து மிகுந்த கிழங்கைத் தண்ணீருக்குள் நிறுத்தால் எடை கூடுதலாகக் காட்டும். இதை அறிந்த மகள் உடன் சென்றால், தந்தை கட்டிய கையை அவிழ்ப்பார், கணக்குக் கேட்பார்.

மலையுச்சி மண்ணைப் பாருங்கள். அங்கே வெட்டிய பாக்சைட், மேட்டூர் அலுமினிய ஆலைக்குப் போயிற்று. மூலிகை தேடியவன் மிதித்து நடந்த மண்ணிலேயே உலோகம்! அதை மின்னாற்றலால் பிரிக்கும் வழியை 1886-இல் அமெரிக்காவில் ஹாலும் பிரான்சில் ஹெரால்டும் தனித்தனியே கண்டனர். இருவரும் 1863-இல் பிறந்தவர்கள். சித்தர்கள் அல்லர், இளைஞர்கள்!

வாசலில் சுற்றும் ஆலத்தைப் பாருங்கள். மஞ்சள் நீரில் சுண்ணாம்பு சேர்ந்ததும் சிவக்கிறது. கண்ணேறு கழிந்ததாலா? மஞ்சளின் நிறப்பொருள் காரத்தோடு சேர்ந்தால் சிவக்கும், அவ்வளவே. மஞ்சள் கறை படிந்த துணி, சவர்க்காரம் பட்டதும் சிவக்கிறதே, அதன்மேல் யார் கண் பட்டது?

"அப்படியானால் வரலாறும் வணிகவியலும் படிப்போர் இளைத்தவர்களோ?" எனலாம். அல்லர். விரும்பி எடுத்த பாடம் எதுவாயினும் உயர்ந்ததே. அஞ்சி விலகுவது கேடு. அஞ்சச் செய்வது அதனினும் கேடு. ஓர் இனத்தையே உயர்த்தும் பாரத்தை ஒரு பிள்ளையின் தோளில் ஏற்றுவதும் அறமன்று. தேர்வது பிள்ளையின் உரிமை. கடினம் பாடத்திலா, ஆசிரியரும் ஆய்வுக்கூடமும் வாய்க்காத பள்ளியிலா என்று கேட்டுப் போராடுவது நம் கடமை. தமிழில் இது வருமா என்று ஐயுறுவோர்க்கு ஒரு செய்தி: யாழ்ப்பாணத்தில் தமிழில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் கிறீனின் முயற்சியால், 'கெமிஸ்தம்' எனும் வேதியியல் நூல் 1875-இலேயே தமிழில் அச்சேறிவிட்டது!

கற்றால் மட்டும் போதுமோ? போதாது. காற்றிலுள்ள நைட்ரஜனை அம்மோனியாவாக்கிப் பயிருக்கு உரம் கிடைக்க வழிகண்ட ஹேபரே, 1915-இல் போர்க்களத்தில் குளோரின் நச்சுப்புகையை ஏவவும் முன்னின்றார். அறிவு கருவி, ஏந்தும் கைக்கு மனிதப்பற்று வேண்டும். தேர்வில் நூற்றுக்கு நூறு வாங்கிவிட்டு, விண்ணப்பம் அனுப்ப இராகுகாலம் பார்ப்பவனும் உண்டு. அவன் பாடம் கற்றான், பகுத்தறிவு கற்றானில்லை.

வேதியியல், வேதியர் இயலன்று; வேதித்தல் என்றால் மாற்றுதல். செம்பைப் பொன்னாக்கும் மாற்றம் அதனிடம் இல்லை. அடங்கி நின்றவரை ஆராய்ந்து கேட்பவராக்கும் மாற்றம் உண்டு. தேர்வு முடிவு வரும் நாளில் மலை ஏறுங்கள், இளைஞர்களே! அருவிக்கு அல்ல, பள்ளிக்கு! பிரிவு கேட்டு நிற்கும் பிள்ளையிடம், "உனக்கு எது வரும்?" என்று கேளாதீர்; "எதை அறிய விரும்புகிறாய்?" என்று கேளுங்கள். விடை வேதியியலாயின், அந்தப் பிள்ளையோடு ஆய்வுக்கூடத்தின் வாயில்வரை நடந்து, அது திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு இறங்குங்கள்!