சட்டைக் கையில் ஒரு சாட்சியம்

சாரணச் சிறுவனின் சட்டைக் கையில் தைக்கப்பெறும் சின்னம் ஒரு சிறு துணித் துண்டேயாகும். அதனைப் பெறுதற்கு அவன் தேர்வு கொடுத்துத்தான் ஆகவேண்டுமா? ஒழுங்காக வந்து போகும் பிள்ளைகள் அனைவர்க்கும் வழங்கிவிட்டால் என்ன குறைந்துவிடும்? இவ்வாறு கேட்போர் இன்று பலர். கிடைக்காத பிள்ளையின் முகம் வாடுவதைக் கண்ட எவரும் இக்கேள்வியை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

சில ஆண்டுகட்கு முன் ஒரு பள்ளியில் முதலுதவிச் சின்னத்திற்குத் தேர்வு நடத்த என்னை அழைத்திருந்தனர். சிறுவர்கள் 32 பேர். முக்கோணத் துணியைக் கழுத்தில் மாட்டி, ஒடிந்த கையைத் தாங்குமாறு கட்டிக் காட்ட வேண்டும். பாதிப் பேரைப் பார்த்து முடிக்குமுன்னரே மஃரிபுக்கு நேரம் நெருங்கிவிட்டது. “எல்லாம் நல்ல பிள்ளைகள், போட்டுவிடுங்கள்” என்றனர். நானும் தாள் முழுவதிலும் கையொப்பமிட்டேன். புறப்படும்போது ஒரு சிறுவன் அருகில் வந்து, “சார், நான் கட்டிக் காட்டவே இல்லையே, எனக்கும் பாஸா?” என்று வினவினான். அவனுக்கு மறுமொழி கூற என்னிடம் ஒன்றும் இல்லை.

1907 ஆம் ஆண்டு பிரவுன்ஸீ தீவில் முதல் முகாமை நடத்திய பேடன் பவல், சாரணத் தலைவர்களுக்கு எழுதிய நூலில், சின்னத்திற்கு அளவுகோல் வேலையின் தரம் மட்டுமன்று, அச்சிறுவன் செலுத்திய முயற்சியின் அளவே என்னும் கருத்தை வலியுறுத்துகின்றார். நம் செவிக்கு இது புதியதன்று. குர்ஆனைத் திறம்பட ஓதுவோர்க்குள்ள உயர்வைக் கூறிய பெருமானார் (ஸல்) அவர்கள், நாக்குத் திணறித் திணறிச் சிரமத்துடன் ஓதுவோர்க்கு இரு கூலி உண்டென அறிவித்ததை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் வழியாக நாம் அறிவோம். மெலிந்த பிள்ளைக்கு ஆறுதல் வேண்டுமாயின் இதைவிடப் பெரிய ஆறுதல் வேறென்ன? ஆயினும் அந்த இரு கூலியும் ஓதினவர்க்கே உரியவை.

“பிள்ளைகளிடையே நீதி வேண்டுமென்று மார்க்கம் கூறவில்லையா?” என்று ஒரு நண்பர் கேட்டார். கூறுகின்றது. நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்களின் தந்தை தம் மகனுக்கு ஓர் அன்பளிப்பை வழங்கி, அதற்குச் சாட்சியாக இருக்குமாறு பெருமானாரை (ஸல்) வேண்டினார். பிள்ளைகள் எல்லோர்க்கும் இவ்வாறே கொடுத்தீரா என்று கேட்ட பெருமானார் (ஸல்), இல்லையென அறிந்ததும் சாட்சியாக இருக்க மறுத்துவிட்டார்கள். நண்பர் இந்நிகழ்ச்சியின் முற்பகுதியை மட்டுமே பற்றிக்கொண்டார். அன்பளிப்பைச் சமமாகக் கொடுக்க வேண்டும் என்பது அதிலுண்டு. நேர்மையற்றதற்குச் சாட்சி நிற்கலாகாது என்பதும் அதிலேயே உண்டு. முகாம் முடிவில் மிட்டாய் கொடுப்பதானால் 32 பேர்க்கும் ஒரே அளவாகக் கொடுங்கள். ஒருவனுக்குக் குறைந்தாலும் அநீதிதான். சின்னமோ மிட்டாயன்று. “இவன் இதனைச் செய்ய அறிவான்” என்று பெரியவர் ஒருவர் ஊரறியக் கூறும் சாட்சியம் அது. அச்சாட்சியம் பொய்யென்பதை முதலில் அறிபவன் அப்பிள்ளையே.

முயற்சி மட்டும் போதும் என்பதையும் எல்லாச் சின்னங்களுக்கும் நான் ஒப்பமாட்டேன். தோட்ட வேலைக்கும் ஓவியத்திற்கும் அது போதும். நீச்சலுக்கும் முதலுதவிக்கும் போதாது. அச்சின்னத்தை நம்பி வேறோர் உயிர் தன்னை ஒப்படைக்கக்கூடும். மேலும், நம் நாட்டில் சாரணர் விருதுகள் சட்டையோடு நின்றுவிடுவதில்லை. ரயில்வே வேலைகளில் சாரணர்க்கென ஒதுக்கீடு உண்டு. கேரளத்தில் பள்ளித் தேர்வுக்குச் சலுகை மதிப்பெண்ணும் வழங்கியுள்ளனர். ஒருவன் உழைக்காது பெற்ற விருது, உழைத்த மற்றொருவனின் ஹக்கைப் பறித்துவிடலாம்.

இதற்கு எதிராக எனக்கு வலுவாகத் தோன்றும் வாதம் வேறு. சட்டை நிறையச் சின்னங்களுடன் நெஞ்சு நிமிர்த்தி நடக்கும் பிள்ளையிடம் முகஸ்துதி குடியேறாதா? குடியேறும், பெரியவர்களாகிய நாமே அதற்குத் தப்பவில்லையே! ஆயின் இலவசமாகக் கொடுத்துவிட்டால் அது அகன்றுவிடுமா? செய்யாததற்குப் புகழை விரும்பும் பழக்கமன்றோ அப்போது வளரும்! நம் மக்தபுகளில் உஸ்தாத் அவர்கள் பாடத்தைக் கேட்டுச் சரியென்று கண்ட பின்னரே அடுத்த பாடம் கொடுப்பார்கள். தமாம் அன்று வீட்டில் இனிப்பு வழங்குவது அந்த ஓதலுக்குப் பிறகுதான். அங்கு ஓதும் பிள்ளைக்குச் சட்டையில் குத்திக்கொள்ள எதுவும் கொடுப்பதில்லை என்பதையும் நினைக்கின்றேன்.

தேறாத பிள்ளையை “போய் வா” என்று அனுப்பிவிடுவதும் தேர்வாளர் கடமையில் தவறுவதேயாகும். அடுத்த தேர்வு என்றைக்கு என்பதைக் குறித்துக் கொடுக்க வேண்டும். இடையில் ஒரு மாலையேனும் அவனுடன் அமர்ந்து கற்பிக்க வேண்டும். எல்லோர்க்கும் கொடுத்துவிடுவோம் என்னும் தாராளத்தில் பாதி, இந்த மாலைப் பொழுதைச் செலவிட மனமில்லாத நம் சோம்பலே என்பது என் எண்ணம்.

மறு வாரம் நான்கு முக்கோணத் துணிகளுடன் அப்பள்ளிக்கு மீண்டும் சென்றேன். நான் பார்க்காது விட்ட 16 பேரில் 9 பேர் வந்திருந்தனர். என்னிடம் வினவிய சிறுவனும் அவர்களில் ஒருவன். மூன்றாம் முறையில் அவனுக்குக் கட்டு சரியாக அமைந்தது. ஏனைய எழுவர் வரவில்லை. நான் கையொப்பமிட்ட தாளோ அதற்கு முன்னரே மேலிடத்திற்கு அனுப்பப்பட்டிருந்தது.