விசாரித்தல்

ஆறு வருடங்களுக்கு முன், ஓர் அக்டோபர் மாதச் சனிக்கிழமை, ஸ்கார்பரோவிலிருந்து பாளையங்கோட்டையில் இருக்கும் அம்மாவை அழைத்தேன். வழக்கமாகக் கேட்பதையெல்லாம் கேட்டுவிட்டு, "ஒரு பையனைப் பத்திக் கொஞ்சம் விசாரிக்கணும்மா" என்றேன். கிராமத்தின் பெயரையும் அவனுடைய அப்பா வேலை பார்த்த பள்ளிக்கூடத்தையும் சொன்னேன். இரண்டு நாள் கழித்து அம்மாவே அழைத்தார். சாதிப் பெயரைச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் யாரும் அதை வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். சொல்லாமலேயே தெரியப்படுத்த எத்தனையோ வழி இருக்கிறது. "அது நமக்குச் சரிப்படாதுப்பா" என்றார்.

அந்த 'நமக்கு' என் குடும்பத்தைக்கூடக் குறிக்கவில்லை. எங்கள் சபையில் பெண் வைத்திருந்த ஒருவர், "உங்க ஊர்ப் பக்கம்தானே, விசாரிச்சுச் சொல்லுங்களேன்" என்று கேட்டிருந்தார். அவருடைய மகளுக்கும் அந்தப் பையனுக்கும் ஒருவரையொருவர் பிடித்திருந்தது. நான் வாட்ஸப்பில் அனுப்பிய பதில் இரண்டே சொல்: சரிப்படாது, அண்ணாச்சி. பேச்சு அதோடு முடிந்தது. அவர் எனக்கு நன்றி சொன்னார்.

பையன் எனக்கு அந்நியன் அல்ல. படிக்க வந்த புதிதில் எட்டு மாதம் எங்கள் வீட்டு பேஸ்மென்டில் குடியிருந்தவன். என்னை அண்ணாச்சி என்பான், மனைவியை அக்கா என்பான். என் மகளுக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தது அவன்தான். நான் இரண்டு கோடை முயன்று கைவிட்டிருந்தேன். அந்த ஜனவரியில் எனக்குப் பித்தப்பையில் அறுவை சிகிச்சை நடந்தது. வீட்டுக்கு வந்த மறுநாள் காலை ஆறு மணிக்கு வாசலில் சுரண்டும் சத்தம் கேட்டது. திரைச்சீலையை விலக்கிப் பார்த்தால், மூன்று பேருந்து மாறி வந்து, அவன் பனி அள்ளிக்கொண்டிருந்தான்.

அவன்மேல் எனக்கு அன்பு இருந்தது. இதைச் சொன்னால் நண்பர்கள் உடனே, "அப்படியானால் அது உண்மையான அன்பு இல்லை" என்கிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. போலி என்று சொல்லிவிட்டால் என் சிக்கல் தீர்ந்துவிடும். இருந்தது உண்மையான அன்புதான் என்பதில்தான் சிக்கலே இருக்கிறது. அவனுக்குக் காய்ச்சல் என்றால் எனக்குத் தூக்கம் வராது. அப்படிப்பட்ட நான்தான் அந்த இரண்டு சொல்லை அனுப்பினேன். இரண்டும் ஒரே மனதில் ஒன்றையொன்று இடிக்காமல் குடியிருந்தன. கிறிஸ்தவர்கள் அன்பைப் பற்றி இவ்வளவு பேசியும் இந்த இடம் எங்களுக்குப் பிடிபடாமல் போனது எப்படி?

கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தில் பவுல் சொல்லும் ஒரு சம்பவம் இருக்கிறது. எங்கள் ஞாயிறு பள்ளியில் அதை வேகமாகக் கடந்துவிடுவார்கள். பேதுருவுக்கு அதில் மரியாதை இல்லை. அந்தியோகியாவில் யூதரல்லாத விசுவாசிகளோடு பேதுரு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். யாக்கோபிடமிருந்து சிலர் வந்து சேர்ந்ததும் மெல்ல விலகிக்கொண்டார். பர்னபாகூட அவரோடு இழுபட்டுப் போனார். பவுல் எல்லார் முன்னிலையிலும் பேதுருவை முகத்துக்கு நேரே கண்டித்தார். பேதுருவுக்கு அந்த மனிதர்கள்மேல் வெறுப்பு இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். முந்தின நாள்வரை ஒன்றாகச் சாப்பிட்டவர். கொள்கை மாறிவிட்டது என்றும் பவுல் சொல்லவில்லை. வந்தவர்களுக்குப் பயந்தார் என்கிறார். பார்ப்பதற்கு நான்கு பேர் இல்லாதவரை பந்தியில் பிரச்சினையே இல்லை. என் பேஸ்மென்டிலும் இல்லை.

'விசாரி' என்ற சொல்லைப் பற்றி அன்றிலிருந்து அடிக்கடி யோசிக்கிறேன். பழைய தமிழ் வேதாகமத்தில், பேதுருவின் முதலாம் நிருபத்தில், கடவுள் நம்மை விசாரிக்கிறவர் என்று வருகிறது. அங்கே அதற்குக் கவலையோடு கவனித்துக்கொள்வது என்று பொருள். நெல்லைப் பக்கம் இன்றும் 'அக்காளை விசாரிச்சதாச் சொல்லு' என்பார்கள். அதே சொல்லைத்தான் நாங்கள் சம்பந்தம் பேசும்போதும் எடுக்கிறோம். "எந்த ஊரு, எந்தத் தெரு, அப்பா எந்தச் சபை?" யாழ்ப்பாணத்தார் "ஊரில எவடம்?" என்பார்கள். இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு அது முகவரி கேட்பதுபோலத்தான் கேட்கும். கேட்பவருக்கும் கேட்கப்படுபவருக்கும் மட்டும் அது முகவரி இல்லை என்று தெரியும்.

இது புலம்பெயர்ந்த பிறகு ஒட்டிக்கொண்ட நோய் அல்ல. எங்கள் சபைகளில் நெஞ்சுருகப் பாடும் கீர்த்தனைகளில் பல தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் எழுதியவை. 1774இல் திருநெல்வேலியில் பிறந்து, ஸ்வார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்து, சரபோஜி மன்னரின் நட்பைப் பெற்றவர். 1820களின் இறுதியில் புதிதாக வந்த மிஷனரிமார் எல்லாச் சாதியாரும் சேர்ந்து உட்கார வேண்டும், திருவிருந்தில் ஒன்றாகப் பங்குபெற வேண்டும் என்று வற்புறுத்தியபோது, அதை எதிர்த்து எழுதியவரும் அவரே. சாதி உலக வழக்கம், விசுவாசத்தைச் சேர்ந்ததல்ல என்பது அவர் தரப்பு. கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833இல் சாதி வேறுபாட்டைத் திருச்சபை அறவே கைவிட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் சபையைவிட்டே வெளியேறினார்கள்.

சாஸ்திரியாரை இன்றைய அளவுகோலால் அடிப்பது எளிது. என்னைத் தைப்பது வேறொன்று. அதே மிஷனரிமார் தமிழ் இசைக்கும் விழாக்களில் பூவுக்கும் தடை சொன்னார்கள். அவற்றையும் அவர் சாதியோடு சேர்த்து ஒரே முறையீட்டில் காக்க முயன்றார். பாட்டு, பூ, சாதி எல்லாம் அவருக்கு ஒரே மூட்டை. பாட்டைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரி என்று இன்று நாம் எல்லோரும் ஒப்புவோம். அதனால்தான் அந்த மூட்டையை அவிழ்ப்பது கடினமாக இருக்கிறது. 'நம்ம பண்பாட்டைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கணும்' என்று சொல்லி நானும் அதே மூட்டையை விமானத்தில் ஏற்றிக்கொண்டு வந்தவன்தான். கத்தோலிக்கர்மீது கைகாட்டித் தப்பிக்கவும் வழி இல்லை; 2008இல் எறையூரில் நடந்த மோதலையும் துப்பாக்கிச் சூட்டில் போன இரண்டு உயிரையும் நாங்கள் செய்தியாகப் படித்து 'ஐயோ' என்று சொல்லிவிட்டுத்தான் இந்த வேலையைச் செய்தோம்.

எங்கள் சபைப் பெரியவர்கள் சொல்லும் சமாதானம் எனக்கு மனப்பாடம். "நாங்க சாதி பார்க்கிறதில்ல. ஆனா கல்யாணம்னு வந்தா பழக்கவழக்கம் ஒத்துவரணும்." அதே சபையில் ஒரு பெண் இத்தாலியக் குடும்பத்துப் பையனை மணந்தாள். எல்லோரும் போனோம், வயிறாரச் சாப்பிட்டோம், மாப்பிள்ளை வேட்டி கட்டியதைப் பார்த்துப் பூரித்தோம். எந்தப் பழக்கம் ஒத்துவந்தது என்று யாரும் கேட்கவில்லை. அவரிடம் எவடம் என்று கேட்டு எதைக் கண்டுபிடிப்பது?

ரோமருக்கு எழுதும்போது பவுல் சொல்வது ஒருவரையொருவர் ஏற்றுக்கொள்ளச் சொல்லித்தான். அங்கே தகராறு சாப்பாட்டைப் பற்றியது. இறைச்சி உண்பவருக்கும் காய்கறி மட்டும் உண்பவருக்கும் இடையில். அவர் எழுதிய கிரேக்கச் சொல் ப்ரோஸ்லம்பனோ. தன்னருகே எடுத்துக்கொள்வது, தன்னோடு சேர்த்துக்கொள்வது என்று பொருள். சகித்துக்கொள்வது வேறு, சகிப்பதற்கு இருந்த இடத்திலேயே இருந்தால் போதும். இதே சொல் வரும் வேறு இடங்களில் இரண்டு என்னை நிறுத்துகின்றன. ஒன்று, கப்பல் உடைந்து 276 பேர் மெலித்தா தீவில் கரையேறியபோது, மழையிலும் குளிரிலும் தீ மூட்டி அவர்களைச் சேர்த்துக்கொண்ட தீவு மக்களைப் பற்றி. அவர்கள் கிறிஸ்தவர்களே அல்ல.

கனடாவில் இருக்கும் தமிழருக்கு இந்தக் கதை பழக்கமானது. 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால், இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்துகொண்டிருந்த 155 ஈழத்தமிழரைக் கண்டவர் கஸ் டால்டன் என்ற மீனவர். அவர்கள் முதலில் இந்தியாவிலிருந்து வந்ததாகச் சொன்னார்கள். பிறகு மேற்கு ஜெர்மனியிலிருந்து என்று தெரிந்து பத்திரிகைகளில் பெரிய சர்ச்சை எழுந்தது. படகில் ஏற்றிக்கொண்ட நேரத்தில் டால்டனுக்கு அந்த விவரம் எதுவும் தேவைப்படவில்லை. விசாரணை பின்னால் வந்தது. நாங்கள் அந்த வரிசையை மாற்றிவிட்டோம்.

இன்னோர் இடம் பிலேமோனுக்கு எழுதிய சின்னக் கடிதம். ஒநேசிமு என்ற அடிமையை, என்னையே ஏற்றுக்கொள்வதுபோல ஏற்றுக்கொள் என்று அவன் எஜமானிடம் பவுல் கேட்கிறார். அடிமை முறை தவறு என்று ஏன் நேராகச் சொல்லவில்லை என்ற குறை எனக்கும் உண்டு. ஆனால் அந்தக் கடிதம் பிலேமோனுக்கு மட்டும் எழுதப்படவில்லை, அவர் வீட்டில் கூடும் சபைக்கும் சேர்த்தே எழுதப்பட்டது. பிலேமோன் என்ன செய்கிறார் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அன்பை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ள முடியும், நான் வைத்திருந்தேன். ஏற்றுக்கொள்வது நான்கு பேர் பார்க்கச் செய்யவேண்டிய காரியமாக இருக்கிறது. அந்தச் சனிக்கிழமை என்னிடம் கேட்கப்பட்டது, "அவன் என் தம்பி மாதிரி, வேறென்ன விசாரிக்கணும்?" என்ற ஒரு வாக்கியம்தான். அதைச் சொன்னால் அந்த அண்ணாச்சி என்ன நினைப்பார் என்று பயந்தேன். பயந்தது அவ்வளவு சின்ன விஷயத்துக்கு.

போன நவம்பரில் அவனை ஒரு டிம் ஹார்ட்டன்ஸில் சந்தித்தேன். எங்கள் சபைக்கு அவன் வந்து மூன்று வருடத்துக்கு மேல் ஆகிறது. மிசிசாகாவில் ஓர் ஆங்கில ஆராதனைக்குப் போகிறான். காபி ஆறும்வரை வானிலை பேசிவிட்டு, நடந்ததைச் சொன்னேன்.

"தெரியும் அண்ணாச்சி."

"எப்ப?"

"அந்த வாரமே. அவங்க வீட்ல அவகிட்டச் சொல்லியிருக்காங்க, நீங்க விசாரிச்சீங்கன்னு."

மனதுக்குள் மாதத்தைக் கணக்குப் போட்டேன். ஜனவரிக்கு முன். "பிறகு எதுக்குடா பனி அள்ள வந்தே?"

தோளைக் குலுக்கினான். "நீங்க ஆபரேஷன் முடிஞ்சு படுத்திருந்தீங்க. பாப்பா ஸ்கூலுக்குப் போகணும்ல."

மன்னித்துவிட்டேன் என்று அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இந்த மே மாதம் அம்மா வருகிறார், மூன்று மாதம் இருப்பார். அம்மாவை விமான நிலையத்திலிருந்து அழைத்துவந்த வார இறுதியில் சபையில் சிலரை வீட்டுக்குச் சாப்பிட அழைத்திருக்கிறோம், அந்த அண்ணாச்சி குடும்பத்தையும் சேர்த்து. அவனையும் வரச் சொன்னேன். யார் யார் வருகிறார்கள் என்று கேட்டான், சொன்னேன். கோப்பையின் மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தான்.

"பார்ப்போம் அண்ணாச்சி" என்றான்.