தியாகமும் நியாயமும்

தாயின் தியாகத்தைப் போற்றுவதில் நம்மவர் ஒருபோதும் சிக்கனம் காட்டியதில்லை. மேடையிலும் ஏட்டிலும் அவள் தெய்வமாக்கப்பட்டிருக்கிறாள். ஆனால் ஒரு பண்பைப் புகழும் ஆரவாரத்திலே, அப்பண்பு ஏன் ஒருவரிடமிருந்தே இடையறாது கோரப்படுகின்றது என்ற வினா அமுங்கிப் போவதும் உண்டு. இவ்வினாவை வெறுந் தத்துவமாக ஆராய்வதிலும் பார்க்க, அது கூர்மையாக எழுகின்ற ஓரிடத்தில் வைத்து நோக்குவது பயனுடையது. சிறு குழந்தையொன்று புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் வீடு அத்தகைய ஓரிடமாகும்.

திருக்கோணமலைத் துறைமுகத்தை அண்டி வாழும் குடும்பமொன்றை எண்ணிப் பார்ப்போம். தந்தை திருக்கடலூர்க் கரையிலிருந்து பிறருடைய படகிலே தொழிலுக்குப் போகிறவர். வாடைக் காற்று கடுமையாக வீசும் மாதங்களில் கடல் அவருக்கு அடைபட்டுக் கிடக்கும். பிள்ளைகள் இருவர். ஐந்து வயதான இளையவளுக்குக் காய்ச்சல் விட்டு விட்டு வருகிறது; விழாமலே கால்களில் நீலக் கன்றல்கள் தோன்றுகின்றன; முகம் வெளிறுகிறது. இரத்தத்தைச் சோதித்த வைத்தியர்கள் மகரகமைக்குப் போகும்படி கூறுகிறார்கள். தாய் ஒரு பையில் உடுப்புகளை அடுக்கிக்கொண்டு குழந்தையுடன் இரவு பஸ்ஸில் ஏறுகிறாள். ஒன்பது வயதான மூத்தவன் அம்மம்மாவுடன் நிற்கிறான். இவர்கள் கற்பனை மனிதர்களே. ஆயினும் இந்நிலை கற்பனையன்று.

குழந்தைகளிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் லுக்கேமியா எனப்படும் குருதிப் புற்றுநோயாகும். அதன் பொதுவான வகைக்குரிய சிகிச்சை இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் வரை நீள்வது. முதல் மாதங்கள் கடுமையானவை. பின்னர் நாள் தவறாமல் வீட்டிலே விழுங்கும் மாத்திரைகளும் காலத்துக்குக் காலம் வைத்தியசாலைக்குச் செல்லும் பயணமுமாகக் காலம் கழியும். இந்நோயைப் போருக்கு ஒப்பிடுவோர் பலர். உண்மையில் அது சமையலறையிலும் பாயிலும் நடைபெறுகின்ற காரியம். நீரைக் கொதிக்கவைத்து ஆறவிட வேண்டும். மருந்தினால் வெண்குழியங்கள் குறைந்திருக்கும் காலத்தில் சாதாரணக் காய்ச்சலும் உயிராபத்தாகலாம் என்பதால், நள்ளிரவில் நெற்றியைத் தொட்டுப் பார்க்க வேண்டும். ஸ்டீரொயிட் மருந்து கொடுக்கும் வாரங்களில் குழந்தைக்குப் பசி அடங்காது. இரவு இரண்டு மணிக்குச் சோறு கேட்டு அழும். கோயில் திருவிழாவுக்கும் கலியாண வீட்டுக்கும் போக முடியாது. குணமடைதல் என்பது இத்தகைய ஆயிரம் நாட்களின் கூட்டுத்தொகையே.

மூத்தவனுக்கு என்ன நேர்கிறது? “அம்மா எப்ப வருவா?” என்று முதல் வாரத்தில் தினமும் கேட்கிறான். மூன்றாம் வாரத்தில் கேட்பதை விட்டுவிடுகிறான். பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்று அயலவர் சொல்லக்கூடும். ஆனால் அந்த மௌனம் கல் அன்று. தன் கேள்வியால் அம்மம்மாவின் கண் கலங்குவதைக் கண்டு அதைத் தன்னுள்ளேயே வைத்துக்கொள்ளப் பழகிய பிள்ளையின் ஒழுக்கம் அது. ஒன்பது வயதில் அவன் ஒரு தியாகம் செய்கிறான். அதைப் பாடுவாரில்லை.

இங்கே நியாயம் யாது? பிள்ளைகள் இருவருக்கும் சமமாகப் பங்கிடுவதே நியாயம் என்பது ஒரு கொள்கை. ஆனால் ஒருத்தி பசித்தும் மற்றவன் உண்டும் இருக்கையில், சோற்றைச் சரிபாதியாக வகுப்பவளை நீதியுடையவள் என்று எவரும் சொல்லார். தேவைக்கேற்பப் பகிர்வதே மேலான சமத்துவம். ஆகவே இளையவளுடன் மகரகமைக்குச் சென்ற தாய் மூத்தவனுக்கு அநீதி இழைத்தாள் எனக் கொள்வதற்கில்லை.

எனினும் அவளது கடன் அத்துடன் தீர்ந்துவிடுவதுமில்லை. ஒருவனது பங்கைக் குறைக்கலாம். குறைத்ததன் காரணத்தை அவனிடமிருந்து மறைக்கலாகாது. காரணம் அறிந்து விட்டுக்கொடுப்பவன் வீட்டின் பங்காளி. அறியாமல் இழப்பவன் வீட்டின் அந்நியன். உண்மை சொல்லப்படாத பிள்ளை தானே ஒரு காரணத்தைக் கற்பித்துக்கொள்வான். சண்டையில் தங்கையைத் தள்ளிவிட்டதனால்தான் அவளுக்கு நோய் வந்தது என்று அவன் இரகசியமாக நம்பக்கூடும். இந்நோய் தொற்றாது, அடியால் வருவதன்று, ஒருவருடைய குற்றத்தாலும் நேர்ந்ததன்று என்ற மூன்று வார்த்தைகளை அவனுக்குச் சொல்லுதல் அன்பின் மிகை அன்று, அவனுக்குரிய பங்கு. “யார் செய்த பாவமோ” என்று பெருமூச்சுவிடும் அயலவரும் இதனை உணர்தல் நன்று. அவ்வனுதாபம் விசாரணையின்றி ஒரு தீர்ப்பைக் கூறிச் செல்கிறது.

நோயுற்ற குழந்தைக்கும் இவ்வுண்மை பொருந்தும். வீட்டார் அவளைக் கண்டிப்பதை நிறுத்திவிடுகிறார்கள், கேட்டதெல்லாம் கொடுக்கிறார்கள். அமெரிக்க மானிடவியலாளரான மைரா புளூபொண்ட்-லாங்னர், லுக்கேமியா நோயுற்ற சிறுவர்களிடையே பழகி எழுதி 1978இல் வெளியிட்ட நூலில், பெரியோர் மறைத்தபோதும் தம் நிலையைச் சிறுவர் அறிந்தேயிருந்தனர் என்பதைக் காட்டினார். பெரியோர் மனம் நோகாதிருக்கவே அறியாதவர் போல நடித்தனராம். திடீரென்று ஏச்சு நின்றுபோன வீட்டில் ஐந்து வயதுக் குழந்தையும் ஏதோ ஒன்றை ஊகித்துக்கொள்கிறது. பல் துலக்கவில்லை என்று அவளைக் கண்டிப்பதும், எழுத்தைத் திருத்தி எழுதச் சொல்வதும், அவளுக்கு ஒரு நாளை உண்டு என்று அறிவிப்பதேயாகும். விருந்தாளிபோல உபசரிக்கப்படும் பிள்ளை விடைபெறத் தொடங்கிவிட்ட பிள்ளை.

இதுவரை கூறியவை வீட்டினுள்ளே தீர்க்கத்தக்கவை. ஆனால் தாய் ஒரே வேளையில் ஈரிடத்தில் இருக்க இயலாதென்பது வீட்டினுள்ளே தீர்வதன்று. அவளைத் துண்டாடுவது நோய் மட்டுமா? திருக்கோணமலைக்கும் கொழும்புக்கும் இடையே வீதிவழியாக ஏறக்குறைய 260 கிலோமீற்றர். இத்தூரமும் நோயின் ஒரு பகுதியாகிவிடுகிறது. கிண்ணியா மக்கள் இதனை நன்கறிவர். 2009இல் பாலம் திறக்கப்படும் வரையில் திருக்கோணமலை நகரத்துக்கு நேர்வழியில் வருவதற்கே அவர்கள் துறையில் காத்துநின்று நீரைக் கடக்க வேண்டியிருந்தது. பாலம் எவருடைய தியாகத்தையும் அதிகரிக்கவில்லை. தியாகத்தின் தேவையைக் குறைத்தது. நல்ல சமுதாயம் செய்யவேண்டிய வேலை இதுவே.

இச்சிகிச்சை பிறந்த வரலாறும் அதனையே உணர்த்துகிறது. 1928இல் பம்பாய்க்கு வந்த லூசி வில்ஸ் என்ற ஆங்கிலப் பெண் வைத்தியர், ஆலைத் தொழிலாளரான கர்ப்பிணிகளின் இரத்தச் சோகையை ஆராய்ந்தார். அவ்வாய்வு பின்னர் ஃபோலிக் அமிலம் எனப் பெயர்பெற்ற பொருளுக்கு வழிகாட்டியது. பீமவரத்திலே பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்ற எல்லப்பிரகத சுப்பாராவின் குழுவினர், அமெரிக்காவில் அவ்வமிலத்தையும் அதற்கு எதிராய பொருள்களையும் ஆக்கினர். அவற்றுள் ஒன்றைக் கொண்டு பொஸ்டன் நகரில் சிட்னி ஃபார்பர் 16 குழந்தைகளுக்குச் சிகிச்சையளித்து, பத்துப் பேரிடம் நோய் தற்காலிகமாகத் தணிந்ததை 1948இல் அறிவித்தார். நம் முற்றங்களிற் பூக்கும் பட்டிப்பூவாகிய நித்தியகல்யாணியிலிருந்து வின்கிறிஸ்ரின் என்னும் மருந்து பிரித்தெடுக்கப்பட்டது. பம்பாய் ஆலைப் பெண்ணின் குருதியிலிருந்து பொஸ்டன் குழந்தையின் கட்டில் வரை எத்தனையோ பேருடைய உழைப்பால் ஆகிவந்த சிகிச்சை இது. அது கூட்டுழைப்பாலே பிறந்திருக்க, அதன் பாரம் மட்டும் ஒரு பெண்ணின் தோளில் தனியாக இறங்குவது எவ்வாறு நீதியாகும்?

அரசாங்கம் இலவசமாக வைத்தியம் அளிக்கிறது, இதற்கு மேல் என்ன வேண்டும் என்று ஒருவர் கேட்கலாம். அக்கேள்வியில் ஓரளவு நியாயமுண்டு. 1931இல் சர்வசன வாக்குரிமை பெற்ற மக்களின் கோரிக்கையும், 1934–35இன் கொடிய மலேரியாவும், இந்நாட்டில் இலவச வைத்தியம் வளரத் தூண்டுகோலாயின. அது சிறுமைப்படுத்தத் தக்க பேறன்று. ஆனால் மருந்துக்கு விலையில்லை என்பதால் சிகிச்சைக்கும் விலையில்லை என்றாகாது. பஸ் கட்டணம் உண்டு. கொழும்பில் உண்ணும் சோற்றுக்குக் காசு உண்டு. குழந்தையைப் பார்க்கச் சென்ற நாளில் தந்தை கடலுக்குப் போகவில்லை. தமிழ் 1987 முதல் அரசியலமைப்பில் ஆட்சிமொழியாகவும் உள்ளது. ஆயினும் சிங்களம் பேசும் சூழலில் தன் பிள்ளைக்கு என்ன மருந்து ஏறுகின்றது என்று கேட்டறியத் திணறும் தாய்க்கு அவ்வாசகம் மட்டும் துணையாகாது. பக்கத்துக் கட்டிலருகே இருக்கும் சிங்களத் தாய் சைகையாலே தேற்றுகிறாள். ஆனால் அயலாளின் கனிவை நம்பியே ஓர் உரிமை நடைபெறலாகாது. 2022இன் பொருளாதார நெருக்கடியிலே எரிபொருளும் மருந்தும் ஒருங்கே அருகியபோது, இலவசம் என்ற சொல் எத்துணை மெல்லியது என்பதை நாடு முழுவதும் கண்டது.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, செல்வ நாடுகளில் புற்றுநோயுற்ற குழந்தைகளில் நூற்றுக்கு எண்பதின்மருக்கு மேல் குணமடைகின்றனர். வறிய நாடுகள் பலவற்றில் முப்பதின்மரும் தேறுவதில்லை. சிகிச்சையை இடையிலே கைவிட நேர்தல் இவ்வேறுபாட்டுக்குரிய காரணங்களுள் ஒன்று. கைவிடுபவர் பிள்ளையில் அன்பற்றவரல்லர். வழிச்செலவு தீர்ந்தவர், வேலை இழந்தவர், ஊரில் விட்டுவந்த மற்றப் பிள்ளைகளுக்கு உணவு தேடவேண்டியவர். ஆகவே பஸ் கட்டணமும் மருந்தே.

கொடையாளர் இல்லையா? உளர். 2011இல் தெற்கிலுள்ள தெய்வேந்திர முனையிலிருந்து பருத்தித்துறை வரை ஏறத்தாழ 670 கிலோமீற்றர் நடந்து, தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்காக நிதி திரட்டினர். 2016இல் மகரகமைக்குப் பரிசோதனை இயந்திரம் வாங்கப் பொதுமக்கள் கோடிக்கணக்கில் கொடுத்தனர். இன மத பேதமின்றிக் கொடுத்தனர் என்பதும் குறிப்பிடத்தக்கது. அக்கைகளை வணங்கலாம். எனினும் கொடை வருவதும் வராததும் கொடுப்பவர் மனத்தைப் பொறுத்தது. பெறுபவள் நன்றியோடு நிற்கவேண்டியவள். உரிமை அவ்வாறு எவர் முகத்தையும் பார்த்து நிற்பதில்லை.

வேண்டப்படுவன பெரிய விந்தைகளல்ல. துணைக்கு வரும் தாய் தங்க ஓரிடமும் வழிச்செலவும் வேண்டும். இரத்தச் சோதனையும் காய்ச்சலுக்குரிய அவசரச் சிகிச்சையும் இயன்றவரை சொந்த மாவட்டத்திலேயே கிடைக்க வேண்டும். நாட்கூலித் தந்தைக்கு அந்நாட்களுக்கு ஓர் உதவித்தொகை வேண்டும். தமிழில் விளக்கிச் சொல்ல ஒருவர் வேண்டும். மூத்தவனின் பாடசாலையில் அவன் ஏன் சோர்ந்திருக்கிறான் என்று அறிந்த ஓர் ஆசிரியர் வேண்டும். இவை நிறைவேறினாலும் நோய் நோயாகவே இருக்கும். சில குழந்தைகளை இழக்கவும் நேரும். ஆனால் எந்தப் பிள்ளையுடன் நிற்பது என்று வறுமை ஒரு தாய்க்கு இடும் கட்டளை இல்லாதொழியும்.

தியாகம் உயர்ந்ததே. ஆயினும் தவிர்க்கக்கூடிய தியாகத்தைத் தவிர்க்காமல் புகழ்கின்ற சமுதாயம், தன் கடனை அப்புகழாலே தீர்க்க முயல்கின்றது. அந்தத் தாய் நம்மிடம் புகழைக் கேட்கவில்லை. மாத முடிவில் ஒரு தடவையேனும் ஊர் திரும்பி, மூத்தவனைப் பக்கத்திலிருத்தி, அவன் பாடசாலைக் கதையைக் கேட்பதற்கு ஒரு நாளைக் கேட்கிறாள்.